ஞாயிறு காலை மூக்கனேரிக் கரைக்கு வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். நம் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை நான்கு மாதமாக மூக்கனேரிக் கரையில் தனியாகக் குப்பை அள்ளுகிறாள். சேர்வராயன் மலை மழைநீர் வந்து சேரும் ஏரி அது. இனியும் அவளைத் தனியே விடக்கூடாது.

1. வரும் ஞாயிறு காலை 6.30, கன்னங்குறிச்சி பக்கக் கரை.
2. கையுறை, சாக்கு, குடிதண்ணீர் எடுத்து வாருங்கள். 2019 ஜனவரியிலேயே தடை செய்த பிளாஸ்டிக் கப்தான் அங்கே அதிகம்.
3. அவள் முக்கியமாகக் கேட்பது இது: மக்கும் குப்பை, மக்காத குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடைத் தாளில் சுற்றித் தனியாக. குப்பை வாங்க வரும் அக்காவின் கை கிழிந்ததைப் பார்த்துத்தான் அவள் இதில் இறங்கினாள். நாமும் பார்த்தோம், சும்மா இருந்துவிட்டோம்.
4. பிள்ளைகள் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். அப்புறம், அவள் படத்தை வேறு குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். அவள் அம்மா கேட்டுக்கொண்டார்.