சூலே புத்தர் கோயில் பக்கம் நடந்து போன பெரியம்மாவுக்கு

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் யாங்கூன் மகாபந்தூலா பூங்காவில், பர்மாவின் 1948 சுதந்திரத்தின் நினைவுத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவள் நான்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்று இரவு தூக்கமில்லை. தம்பி வந்ததும் கால் போன போக்கில் அங்கே வந்துவிட்டேன்.

கன்னத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு, கையில் பூக்கூடை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள் பெரியம்மா. யாருக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மூன்று நாளில் என்னிடம் கேள்வி கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான்.

ரொம்ப நேரம் கழித்து, "அங்க பாரும்மா, வெயில் இறங்குது" என்றீர்கள்.

சூலே பகோடாவின், அந்தப் புத்தர் கோயிலின், உச்சியில் மட்டும் வெளிச்சம். கீழே இன்னும் சாம்பல் நிறம். பார்க்கப் பார்க்க, அந்த எட்டுப் பட்டைக் கோபுரத்தில் கிழக்குப் பார்த்த பட்டைகள் மட்டும் மேலிருந்து மெல்லப் பொன்னாகிக்கொண்டே வந்தன. அப்புறம் வெயில் நம் காலடிப் புல்லுக்கும் வந்தது. பனித்துளிகள் மின்னின. மூச்சு சீராகியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போகும்போது ஒரு முழம் மல்லிகையை என் மடியில் வைத்தீர்கள். நான் காசு எடுப்பதற்குள் நடந்துவிட்டீர்கள்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பூவை அவர் தலைமாட்டில்தான் வைத்தேன். இந்தப் பெரியம்மாவைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ரொம்ப நன்றி, பெரியம்மா.