பாப்பா பத்தாவது பாஸ்: எல்லாருக்கும் நன்றிங்க

வணக்கமுங்க. பாப்பா பதினொண்ணுல சேர்ந்தாச்சு. வீடு வீடா வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. கோபியிலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் ஆளுங்க இருக்கறதால எழுதிடறேன்.

மூணாவது படிக்கையில போர்டு தெரியலைன்னு சொல்ல ஆரம்பிச்சா. ஒரு கடையில பவரை மாத்தி மாத்திக் கண்ணாடி குடுத்துட்டே இருந்தாங்க. கோயமுத்தூர் விழித்திரை டாக்டரம்மாதான் ஸ்டார்கார்ட் நோய்னு கண்டுபிடிச்சாங்க. நடுப்பார்வை மங்கும், ஓரப்பார்வை மிஞ்சும், கண்ணாடியால சரியாகாது, குணமாக்கற மருந்தும் இன்னும் வரலைன்னு பூசி மெழுகாமச் சொன்னாங்க. டாக்டரம்மா, அதுக்கே பெரிய நன்றி.

"யாரு வழியில வந்துச்சு?"ன்னு வீட்டுல ஓடிட்டிருந்த பேச்சை நிறுத்துனது அங்கிருந்த மரபணு ஆலோசகர். ஏபிசிஏ4 மரபணுவுல பழுதானது எங்க ரெண்டு பேருகிட்டயும் ஒவ்வொண்ணு இருந்திருக்கு. ரெண்டும் சேர்ந்து ஒரு பிள்ளைக்குப் போக ஒவ்வொரு பிரசவத்துலயும் 25 சதவீதம் வாய்ப்பாம். தாள்ல நாலு கட்டம் போட்டு, என் மாமியாரு கையிலயே பேனாவைக் குடுத்து நிரப்பச் சொன்னாங்க. அப்புறம் அந்தக் கேள்வி வரவேயில்லைங்க.

வைட்டமின் ஏ இருக்கற மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கிட்டு வந்த சித்தப்பாவுக்கும் நன்றி. கீரை, கேரட் சாப்பாட்டோட சாப்பிடலாம், ஆனா இந்த நோய்க்கு வைட்டமின் ஏ மாத்திரை ஆகாது, விழித்திரையில கழிவு இன்னும் சேரும்னு சொன்னதும், கோவிச்சுக்காமத் திருப்பி எடுத்துட்டுப் போனாரு.

கணக்கு சாருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க. போர்டைக் கைகாட்டி "இதை அங்க கொண்டு போ"ன்னு அவரு ஒருநாளும் சொன்னதில்ல. "எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் அஞ்சு எக்ஸ்"னு போர்டுல எழுதறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுவாரு. அதுல மத்த பிள்ளைகளுக்கும் கணக்கு நல்லாப் புரிஞ்சுதுன்னு பாப்பாவே சொல்லிச் சிரிப்பா. பக்கத்துல உட்கார்ற தோழி நோட்டைப் போன்ல படம் புடிச்சுத் தருவா, இவ பெருசு பண்ணிப் படிப்பா. சொல்றதை எழுத ஆளு, கூடுதலா ஒரு மணி நேரம், ரெண்டுக்கும் காகிதம் சுமந்து அலைஞ்சது தலைமையாசிரியை அம்மா. டவுன் பஸ் நம்பர் இவளுக்குத் தெரியாதுன்னு ஊர்ப் பேரைச் சத்தமாக் கூப்பிடற கண்டக்டர் அண்ணனையும் மறக்கலைங்க.

இன்னொண்ணு. பாப்பா உங்களைப் பார்க்காம தோள்பட்டைக்கு அந்தப்பக்கம் பார்த்துப் பேசுனா, மரியாதை இல்லைன்னு எடுத்துக்காதீங்க. அப்படிப் பார்த்தாத்தான் உங்க முகம் தெரியும். ரோட்டுல கண்டுக்காமப் போனா, "நான் இன்னாரு"ன்னு ஒரு குரல் குடுங்க, நின்னு பேசுவா.