பம்ப் திருகைத் தொடும் முன் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மோட்டார் பக்கத்தில் பழைய ஜீப்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்களின் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கத் தொடங்கிய கதையெல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், மேட்டில் இழுவை போதவில்லை என்றால் இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பில் உள்ள திருகைக் கொஞ்சம் திருப்பி டீசலைக் கூட்டிக்கொள்ளலாம், வீட்டிலேயே செய்யலாம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மலையில் பழைய ஜீப் வைத்திருப்பவர் யாராவது அதைப் படித்துவிட்டு ஸ்பானரை எடுத்தால் இன்ஜினே போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது.

எனக்குத் தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும். வண்டி மஹிந்திரா எம்.எம்.540 ஜீப், 1994 மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. 2112 சிசி பீஜோ டீசல் இன்ஜின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாமே கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சரிசெய்யக்கூடிய வேலை. வாங்கிய மறு வருஷம் மூட்டை ஏற்றினால் மேட்டில் திணற ஆரம்பித்தது. அடிவாரத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்தார்கள், பம்ப் திருகைத் திருப்பினார்கள், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. கீழே ஓட்டிப் பார்த்தபோது வண்டி பறந்தது, எனக்கும் சந்தோஷம். மலை ஏறும்போது பின்னால் கரும்புகை, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. மூன்றே வாரத்தில் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போய், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் மோர் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த வருஷக் காப்பி அறுவடைக்கு வாடகை வண்டிதான்.

காரணம் ரொம்ப எளிது. டர்போ இல்லாத இன்ஜின் தானாக இழுக்கிற காற்றை மட்டும் வைத்துத்தான் டீசலை எரிக்கும். வத்தலக்குண்டிலிருந்து ஏறிச் சுமார் 4,000 அடி உயரத்துக்கு வந்தால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கீழே சரியாக எரிந்த அதே அளவு டீசல் மேலே வரும்போதே அதிகம்தான். அதற்கு மேலும் கூட்டினால் மிச்சம் கரும்புகையாகப் போகும், இன்ஜின் சூடு ஏறும், அப்புறம் புகைச் சான்றும் கிடைக்காது. ஆகவே, இழுவை குறைந்தால் முதலில் கேட்கவேண்டியது காற்று எங்கே போனது என்றுதான்.

என் விஷயத்தில் காற்று ஏர் கிளீனரில் நின்றிருந்தது. என் வண்டியில் இருப்பது பழைய ஆயில் பாத் வகை, அடியில் ஆயில் ஊற்றிய கிண்ணம், மேலே கம்பி வலை. இன்ஜினைப் பிரித்த பிறகுதான் அதையும் திறந்து பார்த்தேன். ஆயில் என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. எஸ்டேட் ரோட்டுச் செம்மண் முழுக்க இறங்கி, அரைத்த மருதாணி மாதிரிக் கெட்டியாக, விரலை விட்டால் குழி விழுந்து அப்படியே நிற்கிற பதத்தில் இருந்தது. வலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன், ஒரு பொட்டு ஒளி வரவில்லை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயும் அரை மணி நேரமும் செலவழித்திருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்! கிண்ணத்தை வழித்துத் துடைத்து, வலையை மண்ணெண்ணெயில் அலசி நன்றாக உலரவிட்டு, புது இன்ஜின் ஆயிலைக் கோடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். கோட்டைத் தாண்டி ஊற்றவே கூடாது. அதிகமான ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக்கொண்டால் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் அலறும், டீசலை நிறுத்தினாலும் நிற்காது. கோடைக்காலத்தில், புழுதி பறக்கும் நாட்களில் நான் வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.

அடுத்தது டீசல் ஃபில்டர். கேனில் வாங்கி வைத்து ஊற்றுகிறவர்களுக்குத் தண்ணீர் கலப்பது சகஜம். ஃபில்டர் மாற்றினால் லைனில் காற்றுப் பிடித்து வண்டி ஸ்டார்ட் ஆகாது, பயப்பட வேண்டாம். ஃபில்டர் தலையில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை நுரையாக வரும், பிறகு குமிழே இல்லாமல் டீசல் வழியும், அப்போது இறுக்கிவிடலாம். ஆனால் இன்ஜின் ஓடும்போது நாசில் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் மூக்கு) பைப்பில் கசிவு தெரிந்தால் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். நாசிலுக்குப் போகும் டீசல் நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும், தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதானே என்று விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். ஒரு காகித அட்டையை நீட்டிப் பாருங்கள்.

சில சமயம் இன்ஜின் மேல் குற்றமே இருக்காது. நாலு சக்கரமும் டிரம் பிரேக், அதில் ஒன்று பிடித்துக்கொண்டே ஓடினாலும் இழுவை போகும். சமதரையில் பிரேக் அடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி, தானாக நிற்கவிட்டு, ஒவ்வொரு டிரம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோனால் எது கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, கம்பெனி கொடுத்த 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு அழகுக்குப் பெரிய டயர் போடுகிறார்கள். டயர் விட்டம் பத்து சதவீதம் கூடினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை கிட்டத்தட்ட அதே கணக்கில் குறையும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். இதற்கும் பம்பைத் திருப்பினால் எப்படி? செங்குத்தான ஈர ஏற்றத்தில் ஃபோர் வீல் (நாலு சக்கர இழுவை) போட்டு, அதன் லோ கியருக்கு மாற்றினாலே இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. அதற்காகத்தானே அந்தக் குட்டி லீவர் இருக்கிறது? காய்ந்த தார் ரோட்டில் மட்டும் ஃபோர் வீலில் ஓட்டாதீர்கள், வளைவில் ஸ்டியரிங் கல்லாக இறுகும், சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு போகும்.

புகையின் நிறத்தையும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது நாசில் சொட்டுகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றால் பெரும்பாலும் ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக இன்ஜின் உள்ளே சூடேற்றுவது) பழுது. மேலே இணைக்கும் பட்டியைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டர் வைத்தால் நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம் காட்டும், செத்தது எதுவுமே காட்டாது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் வண்டியை ஓட்டாமல் ஹெட்டைப் பாருங்கள்.

இவ்வளவும் வீட்டு வாசலில் யாரும் செய்யலாம். நாசிலின் தெளிப்பையும் பம்பின் அளவையும் மட்டும் சோதனை மேசை வைத்திருக்கும் பம்ப் சர்வீஸ் கடையில் கழற்றிக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். பம்பில் சீல் வைத்திருப்பதே அதற்காகத்தான். இன்ஜினுக்கு வேலை முடித்து, அப்படி ஒரு கடையில் பம்பைப் பழைய அளவுக்கே வைத்த பிறகு, என் ஜீப் அதே மூட்டைகளோடு அதே மேட்டை இரண்டாம் கியரில் ஏறுகிறது, முள் பாதியைத் தாண்டுவதில்லை.

தயவுசெய்து அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். காப்பி அறுவடை தொடங்குவதற்குள் வந்தால் நல்லது, ஏனென்றால் அப்போதுதான் இந்த வண்டிகளில் மூட்டையோடு ஆட்களும் ஏறுகிறார்கள். முடிந்தால் மோட்டார் பக்கத்தில் புது கார்களுக்கு நடுவே பழைய வண்டிப் பராமரிப்புக்கும் வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் மலையில் இருபது முப்பது வருஷமாக ஜீப்போடு வாழ்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானே அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு காப்பித் தோட்ட விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.