வீட்டு வயரில் இணையம்: எந்த ஃபேஸ் என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டின் எல்லா அறைக்கும் வைஃபை எட்டச் செய்வது பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கரண்ட் வயர் வழியாகவே இணையத்தைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரைப் பற்றி அதில் இரண்டே வரிதான் இருந்தது. பிளக்கில் செருகினால் போதும் என்று முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் இருக்கிற வீடுகளுக்கு அது போதாது. ஒரு வாரம் தவித்த பிறகு புரிந்ததை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாமாவின் அப்பா கட்டிய தொட்டிக்கட்டு வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. மோடம் முன்கூடமான ஆசாரத்தில் இருக்கிறது. நான் வேலை செய்யும் அறை நடுவில் இருக்கும் தொட்டி முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறேன். மாதாமாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி வேலை கழுத்தை நெரிக்கும். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் வைஃபை ஒற்றைக் கோட்டில் நிற்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆசாரத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்தே சலித்துப்போனேன். சுவரைத் துளைத்து வயர் இழுக்க மாமாவுக்கு மனமில்லை. எனக்கும்தான்.

ஈரோட்டில் ஒரு கடையில் வேகம் 600 எம்பிபிஎஸ் (நொடிக்கு 600 மெகாபிட்) என்று அட்டையில் போட்ட ஒரு ஜோடி அடாப்டர் வாங்கினோம். ஒன்றை மோடத்துக்குப் பக்கத்தில் செருகி லேன் வயரால் இணைத்தோம். இன்னொன்றைப் பின்கட்டில் செருகினோம். விளக்கு சிவப்பாகவே நின்றது. கடையில் போய்க் கேட்டால், "பீஸ் நல்லாத்தாங்க இருக்குது, உங்க வீட்டு வயரிங்தான் பழசு" என்றார்கள். வயரிங்கை மாற்றிப் பத்து வருடம்கூட ஆகவில்லை.

எங்கள் வீட்டுக்கு த்ரீ ஃபேஸ். அதாவது மூன்று தனித்தனி வயரில் கரண்ட் வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ். அறைகளை அவற்றில் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்து ஒரு ஃபேஸ் போய்விட்டது. பின்கட்டில் ஃபிரிட்ஜ் நின்றது, அடாப்டர் செருகியிருந்த பிளக்கும் வேலை செய்யவில்லை. லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடின. அத்தை வழக்கம்போல மெயின் போர்டுக்குப் போய் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பிப் பின்கட்டை வேறு ஃபேசுக்கு மாற்றினார். திரும்பிப் பார்க்கிறேன், அடாப்டரில் பச்சை விளக்கு! அன்று இரவே இரண்டு நாள் வேலையை முடித்தேன். போன ஃபேஸ் வந்ததும் அத்தை சுவிட்சைப் பழையபடி திருப்பினார். மறுபடியும் சிவப்பு.

மறுநாள் எங்கள் வயர்மேன் அண்ணன் வந்து பார்த்தார். "அம்மணி, மோடம் ஒரு ஃபேஸ்ல இருக்குது, உங்க ரூமு வேற ஃபேஸ்ல இருக்குதுங்க. அப்பறம் எப்படிப் போகும்?" என்றார். அவ்வளவுதான் விஷயம். வீட்டு கரண்ட் நொடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுகிறது. அடாப்டர் அதே செம்பு வயரில் நொடிக்கு 20 லட்சம் முதல் 2 கோடியே 80 லட்சம் முறை வரை துடிக்கும் சிக்னலை ஏற்றுகிறது. 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி என்ற பவர்லைன் தரமுறையின் அளவு இது. பின்னால் வந்த ஏவி2 இன்னும் மேலே போகிறது, எர்த் வயரையும் பயன்படுத்திக்கொள்கிறது. எந்த முறையானாலும் சிக்னலுக்கு ஒரே வயர் தொடர்ச்சியாக இருந்தால்தான் நல்லது. வேறு ஃபேஸ் என்றால், வயர்கள் நெருங்கி ஓடும் இடத்தில் ஏதோ கொஞ்சம் தாவும். அதை நம்பி வேலை பார்க்க முடியாது.

நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் ஓடத் தொடங்கிய காலம் தொட்டே மோட்டாரோடு பழகிய மண் இது. தறி, பம்புசெட் என்று த்ரீ ஃபேஸ் நமக்குப் புதிதில்லை. கொஞ்சம் பெரிய வீடு என்றால் வீட்டுக்கும் த்ரீ ஃபேஸ்தான். அப்படியிருக்க, அடாப்டரை விற்கிறவர் "உங்க வீடு சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? அந்த ஒரு கேள்வி இல்லாததால் எனக்கு ஒரு வாரம் போனது.

தீர்வு வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஃபேஸ் போன அன்று பின்கட்டில் லைட்டும் ஃபேனும் நிற்கவில்லை என்றேன் அல்லவா? அவை இன்வெர்ட்டர் லைனில் இருந்தன. எங்கள் இன்வெர்ட்டர் ஒரே ஃபேசிலிருந்துதான் கரண்ட் எடுக்கிறது. அதனால் அந்த லைன் எந்த அறைக்குப் போனாலும் ஒரே ஃபேஸ். வயர்மேன் அண்ணன் இரண்டு அறையிலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் ஐந்து ஆம்ப் பிளக்குக்கு அடாப்டரை மாற்றினார். அன்றிலிருந்து பச்சைதான். கரண்ட் போனாலும் இணையம் போவதில்லை.

வேகத்தைப் பற்றி அட்டையை நம்ப வேண்டாம். எங்களுடையதில் 600 என்று போட்டிருந்தாலும் லேன் வயர் மாட்டும் ஓட்டை 100க்குத்தான். எனக்குக் கிடைப்பது 40லிருந்து 50. அத்தை மிக்சியில் சட்னி அரைக்கும்போது 12க்கு இறங்கும். மிக்சி மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தீப்பொறி விடுவதால் வயரில் கிளம்பும் இரைச்சல் அது. அரைத்து முடித்ததும் சரியாகிவிடும். முதலில் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்சில் செருகியபோது இதைவிட மோசம். சர்ஜ் தடுப்பு (கரண்ட் திடீரென எகிறுவதைத் தடுக்கும் வசதி) உள்ள பெட்டிகள் சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடும். அதனால் நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும்.

இரண்டு அடாப்டரிலும் இருக்கும் 'பேர்' (Pair, ஜோடி சேர்க்கும்) பட்டனை அழுத்தி, அவை இரண்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவி உண்டாக்கிக்கொள்ளவும் மறக்க வேண்டாம். சிக்னல் மீட்டரைத் தாண்டி அடுத்த வீட்டு வயருக்கும் கசியலாம். வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

என் அனுபவத்தைக் கேட்டுவிட்டு, தோட்டத்து மோட்டார் ரூமுக்கும் இப்படிக் கொண்டுபோகலாமா என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது தனி சர்வீஸ், தனி மீட்டர். விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தில் வீட்டுச் சாமான் எதையும் செருகக் கூடாது. இன்னொருவர் லேன் வயரைக் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே சேர்த்து இழுத்துவிட்டார். எலி கடித்தாலோ இன்சுலேஷன் உருகினாலோ 230 வோல்ட் நேராக லேப்டாப்புக்கு, அதைத் தொடும் கைக்கு வந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது வீடு கட்டுகிறவர்கள் சுவரைக் காடி எடுக்கும்போதே லேன் வயருக்கென்று தனி பைப் ஒன்று போடச் சொல்லுங்கள். அவர்களுக்கு அடாப்டரே தேவைப்படாது. என்னைப் போலப் பழைய வீட்டில் இருப்பவர்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வயர்மேனைக் கூப்பிட்டு, எந்த அறை எந்த ஃபேஸ் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இப்போது எங்கள் மெயின் போர்டின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்