கானாவில் தோட்டத் துரைகள் இல்லை

ஆசிரியருக்கு,

வெள்ளையர்கள் கானாவில் கோகோ எஸ்டேட் போட்டு மக்களைக் கூலிகளாக்கினார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. இலங்கைத் தேயிலையை மனதில் வைத்து எழுதிவிட்டார் போலும். கோல்டு கோஸ்ட்டில் (கானாவின் அன்றைய பெயர்) கோகோ வைத்தவர்கள் உள்ளூர் விவசாயிகள். டெட்டே குவார்ஷி 1879-ல் பெர்னாண்டோ போ (இன்றைய பியோகோ) தீவிலிருந்து விதை கொண்டுவந்தார். அக்குவாப்பிம் பகுதியினர் பணம் சேர்த்து மேற்கே காடு வாங்கி நட்டார்கள். 1911-க்குள் ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம். 1903-ல் உள்நாட்டு அசாந்திப் பகுதியின் குமாசி நகரை எட்டிய ரயில்கூடத் தங்கச் சுரங்கங்களை நோக்கிப் போட்டதுதான்.

நிலம் கைவிட்டுப் போகவில்லை. அடி விழுந்தது விலையில். 1937-ல் 13 கொள்முதல் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போடாமல் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. விவசாயிகள் 1938 ஏப்ரல் வரை கொட்டையை விற்க மறுத்தார்கள். சீமைச் சரக்கையும் தொடவில்லை. அந்த ஈரக்காற்றில் காயவைத்த கோகோ பூஞ்சணம் பிடிக்கும் என்பதை நினைத்தால் அது எத்தனை துணிச்சல் என்று புரியும். விசாரிக்க பிரிட்டிஷ் அரசு அமைத்த நோவல் குழு ஒப்பந்தத்தைக் கைவிடச் சொன்னது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அரசே ஒரே கொள்முதலாளர் ஆயிற்று. 1947-ல் அது கோகோ மார்க்கெட்டிங் போர்டாக நிலைத்தது. பருவத் தொடக்கத்தில் 60 ராத்தல் சுமைக்கு ஒரு விலை நிர்ணயிப்பார்கள். உலக விலை அதற்கு மேல் போனால் மிச்சம் போர்டுக்கு. விலை சரியும்போது விவசாயிக்குக் கைகொடுக்கத்தான் என்றார்கள். பணமோ லண்டனில் பிரிட்டிஷ் கடன் பத்திரங்களில் கிடந்தது. கோகோ ஈட்டிய அமெரிக்க டாலரும் லண்டன் கையிருப்பில் சேர்ந்தது. புழக்கத்தில் இருந்த நாணயத்துக்கு ஈடான ஸ்டெர்லிங்கையும் (பிரிட்டிஷ் பணம்) 1912 முதல் மேற்கு ஆப்பிரிக்க நாணய வாரியம் அங்கேதான் வைத்திருந்தது. ஊரிலோ, கடன் வேண்டிய விவசாயி தோட்டத்தை வட்டிக்காரரிடம் அடகு வைத்தார்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் கானாவின் விடுதலைத் தலைவர் நுக்ருமாவைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். 1954-லிருந்து தொடங்கட்டும். அவருடைய அரசு சுமைக்கு 72 ஷில்லிங் என்று விலையைக் கட்டியது. டன்னுக்குச் சுமார் 134 பிரிட்டிஷ் பவுண்டு. உலகச் சந்தையில் அந்த ஆண்டு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அசாந்தியில் கிளம்பிய எதிர்ப்புக்கு இந்த விலையும் ஒரு காரணம்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி