கிணறு, 6/15

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழைக்கு அம்மாவின் முட்டிவலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது.

"ஒரு பிரிண்டை ஸ்கேன் செய்து நூறு காப்பி போட்டுவிடலாமே, எதற்கு இந்தக் கஷ்டம்?" என்று போன ஞாயிறு போனில் கேட்டாயே. அப்போது பதில் வரவில்லை. பார்சலில் நம் வீட்டுக் கிணறு இருக்கும், லினோலியம் பலகையில் செதுக்கி, மை ஏற்றி, தாளில் நான் ஒற்றியெடுத்த படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படி.

லினோலியம் முதலில் தரைக்கு விரிக்க வந்த சரக்கு. 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் என்பவர், ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கித் தக்கைத்தூள் கலந்து கண்டுபிடித்தார். மரம் மாதிரி இதில் ரேகை கிடையாது, உளி எந்தப் பக்கமும் போகும். அதனாலேயே பள்ளிப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1930இல் ஓவியர் நந்தலால் போஸ் தண்டி யாத்திரைக் காந்தியை இதில்தான் செதுக்கினார். கறுப்புக்குள் வெள்ளைக் கோடுகள், கையில் தடி, அவ்வளவுதான். பிள்ளைகள் சமாச்சாரமாம்!

செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. வாசலில் அம்மா கோலம் போடுகிறாளே, அந்தக் கணக்கு. பென்சிலால் நிழல் போட்டே பழகிய இந்த டிராயிங் மாஸ்டருக்கு, வெளிச்சத்தைப் போடக் கை வர இரண்டு வருஷம் ஆனது.

முதல் பலகையை வீணடித்தேன். அச்சில் படம் இடவலம் மாறி விழும் என்பது தெரிந்தும், வரைந்ததை அப்படியே செதுக்கிவிட்டேன். தாளை உரித்துப் பார்த்தால் வேப்பமரம் அந்தப் பக்கம் நிற்கிறது. "நம்ம கிணறு எப்போ இடம் மாறிச்சு?" என்றாள் அம்மா. பத்து நாள் வேலை போச்சு.

அப்புறம் டிரேசிங் தாளைத் திருப்பிப்போட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். லினோவைக் காலை வெயிலில் கொஞ்சம் வைத்தால் இளகிக் கொடுக்கும். ரோலரில் மை சரியாக ஏறினால் மெல்ல 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பலகையில் உருட்டுவேன். பிரஸ் கிடையாதே, அதனால் தாளை மேலே வைத்து அம்மாவின் மரக்கரண்டி முதுகால் தேய்க்கிறேன். ஒரு தாளுக்குக் கால் மணி நேரம்.

உன் தாளில் ராட்டினத்துக்கு மேலே பார். கை அசந்து அழுத்தம் குறைந்ததில் மை புள்ளிபுள்ளியாக விட்டிருக்கிறது. முதலில் கழிக்கப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது தூறல் மாதிரி இருந்தது. மற்ற பதினாலிலும் மழை இல்லை. ஸ்கேன் செய்தால் நூறு கிணற்றிலும் ஒரே தூறல்தான் விழும்.

பதினைந்தோடு நிறுத்திவிட்டு, இனி அச்செடுக்க முடியாதபடி பலகையின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கீறிவிட்டேன். கீழே பென்சிலில் 6/15 என்றிருப்பது அந்தப் பதினைந்தில் ஆறாவது என்று அர்த்தம். விலை என்று நினைத்துவிடாதே.

பிரேம் போடும்போது சுற்றிலும் மவுண்ட் (கெட்டி அட்டை ஓரம்) வைக்கச் சொல், கண்ணாடி மையில் ஒட்டக்கூடாது. நேர் வெயிலிலும் மாட்டாதே.

அம்மா மரக்கரண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதில் மை ஏறிவிட்டதை நான் இன்னும் சொல்லவில்லை. போனில் நீயும் உளறிவிடாதே.

அன்புடன்,
அப்பா