ஆணையும் பெண்ணையும் அருகருகே காட்டுங்கள்

பூச்சிகளை இனங்காண உதவும் படக் கையேடுகளைத் தொகுக்கும் அறிஞர்களுக்கு,

வணக்கம். உங்கள் நூல்களைத் துணையாகக் கொண்டே நெடுநாளாகப் பூச்சிகளைக் கவனித்து வரும் வாசகன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஓர் இனத்துக்கு ஒரே படம், அதுவும் முதுகுப்புறப் படம் என்ற வழக்கத்தைக் கைவிட்டு, ஆண் பெண் இரண்டையும் அருகருகே அச்சிட்டு, அவற்றின் முகத்தையும் பெரிதாக்கிக் காட்ட வேண்டுகிறேன்.

ஒருமுறை சன்னல் விளிம்பில் ஒன்றும் பூவின் மேல் ஒன்றுமாக இரண்டு குதிரை ஈக்கள் கிடைத்தன. உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, ஒன்றின் கூட்டுக்கண்கள் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன; மற்றதன் கண்களுக்கு இடையே தெளிவான பட்டை ஒன்று ஓடியது. என்னிடமிருந்த கையேட்டில் பெண்ணின் படம் மட்டுமே இருந்ததால், இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றே பல மாதங்கள் குறித்து வைத்திருந்தேன். கண்கள் தொட்டிருந்தது ஆண், விலகியிருந்தது பெண் என்பது பின்னரே விளங்கியது.

இந்த வேறுபாடு வெறும் அலங்காரம் அன்று. பறந்துகொண்டே பெண்ணைத் தேடும் ஆணுக்கு, வானத்தின் பின்னணியில் நகரும் ஒரு சிறு கரும்புள்ளியைக் கண்டுபிடிக்கும் பார்வை தேவைப்படுகிறது. ஆண் தேனீயின் கண்கள் தலையின் மேற்பகுதி முழுவதையும் நிறைத்துக்கொள்வதும், சில மே ஈக்களின் ஆண்களுக்குத் தலைப்பாகை கட்டியதுபோல் மேல்நோக்கிய கூடுதல் கண்பகுதி அமைந்திருப்பதும் இதனால்தான். ஸ்ட்ரெப்சிப்டெரா என்ற ஒட்டுண்ணிப் பூச்சி வரிசையில் இந்த வேறுபாடு உச்சத்தைத் தொடுகிறது: பெரும்பாலான இனங்களில் பெண், கண்ணோ காலோ சிறகோ இன்றி வேறொரு பூச்சியின் உடலுக்குள்ளேயே வாழ்கிறது, ஆணோ பெரிய வில்லைகள் கொத்தாகத் திரண்ட கண்களுடன் பறந்து திரிகிறது.

தும்பிக்கும் ஊசித்தும்பிக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் கண்களைக் கொண்டே விளக்குவது பாராட்டத்தக்கது. ஆனால் கோம்ஃபிடே குடும்பத்துத் தும்பிகளின் கண்களும் ஊசித்தும்பியின் கண்களைப்போல் விலகியே இருக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால், புதியவர் தடுமாற மாட்டார்.

உடலமைப்பிலும் இதே நிலைதான். காண்டாமிருக வண்டில் கொம்பு நீண்ட ஆணுக்கே படம் கிடைக்கிறது. சில மின்மினி இனங்களில் சிறகின்றிப் புழுவைப்போல் இருக்கும் பெண்ணைப் பலர் பூச்சியாகவே எண்ணுவதில்லை. இது வாசகர்களின் பிழை மட்டுமன்று. நானோஃபில்லியம் என்ற இலைப்பூச்சிப் பேரினத்தில் மெலிந்த ஆண்கள் மட்டுமே தெரிந்திருந்தன. அகன்ற இலை வடிவப் பெண்களோ வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரு வடிவங்களும் வெளிவந்த பிறகே, 2020-இல் அவை ஒன்றாக்கப்பட்டன. வகைப்பாட்டியலாளர்களுக்கே இப்படியென்றால், ஒரே படத்தை நம்பியிருக்கும் பள்ளி மாணவர் என்ன செய்வார்?

பக்கங்கள் போதாதெனில், முழுப்பக்க அழகுப் படங்களில் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். எல்லா இனங்களுக்கும் உடனே இயலாவிட்டாலும், அடுத்த பதிப்பில் ஈக்கள், தேனீக்கள் பகுதிகளிலிருந்தாவது தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்